சுவருக்கு முந்தி வந்த கதவு

எங்கட வீட்டுக்கு முதல்ல வந்தது கதவு. சுவர் பிறகுதான் வந்தது. இதைச் சொன்னா வெளியூர் ஆக்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், நானும் இப்ப சிரிச்சுக்கொண்டுதான் சொல்றன். அப்ப ஆராவது சிரிச்சிருந்தா கையில கிடைச்சதை எடுத்து எறிஞ்சிருப்பன். எனக்குக் கோபம் கொஞ்சம் கூட. பாலர் பாடசாலையில இருபது குஞ்சுகளோட பகல் முழுக்க டீச்சரா இருந்து, இருக்கிற பொறுமை எல்லாம் அங்கயே முடிஞ்சிரும். வீட்டுக்கு வரக்குள்ள ஒண்டும் மிச்சம் இருக்காது.

எங்கட ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில. எங்கட வழக்கத்தில கலியாணம் எண்டா பொண்ணு எங்கயும் போறதில்ல, மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்கு வருவார். அதால பொம்பிளப் புள்ள பிறந்த அண்டே தகப்பன்மார் மனசுக்குள்ள அத்திவாரம் வெட்டத் தொடங்கிருவாங்க. வீடு இல்லாம மாப்பிள்ளையை எங்க கூப்பிடுறது, மரத்துக்குக் கீழயா? நான் ஒரே மகள். நாங்க இருந்த அம்மாட சீதன வீட்டில ஒரு அறையும் ஒரு குசினியும்தான். அதால அப்பா பக்கத்தில வெறுமையாக் கிடந்த எங்கட வளவுக்குள்ள எனக்கெண்டு புது வீடு ஒண்டு தொடங்கினார். ஒரு ஹோல், ரெண்டு அறை, ஓட்டுக் கூரை.

மாப்பிள்ளையும் பேசி முடிச்சாச்சு. வாவிக்கு அங்கால, எழுவான்கரைப் பக்கம். பாசிக்குடாவில வெள்ளைக்காரர் வந்து தங்கிற ஒரு ஹோட்டல்ல சமையல்காரர். தகப்பன் இல்ல, தாய் மட்டும்தான். மாமி நல்ல மனுசி, ஆனா சொல்லில கறார். "வீடு முடியட்டும், அடுத்த கிழமையே கலியாணத்தை வைப்பம்" எண்டு சொல்லிட்டுப் போனா. "ஒரு போகம் விளைஞ்சாக் காணும் தங்கச்சி" எண்டு அப்பாவும் நெஞ்சை நிமித்திச் சொன்னார். அவர் சொன்னதில பிழை இல்ல. ஆறு ஏக்கர் வேளாண்மை, வாய்க்கால் தண்ணி வாற நல்ல வயல் வட்டை. வழமை போல விளைஞ்சிருந்தா வீடு கட்ட ஒரு போகம் காணும்தான்.

விளையல்ல. கப்பல்ல வாற ரசாயனப் பசளை இனி இல்ல எண்டு மேலிடத்தில திடீரெண்டு முடிவெடுத்திட்டாங்க. இயற்கைப் பசளை போடுங்க, மண்ணுக்கும் நல்லம், மனுசனுக்கும் நல்லம் எண்டாங்க. நல்லம்தான், ஆர் இல்ல எண்டது? ஆனா ஆறு ஏக்கருக்குப் போடுற அளவுக்குச் சாணத்துக்கு எங்க போறது? அப்பா இருந்த ரெண்டு மாட்டுக்கும் வைக்கோலை இரட்டிப்பா வைச்சுப் பார்த்தார். மாடு அவ்வளவையும் திண்டுபோட்டு முன்ன போட்ட அளவுதான் போட்டது. பயிர் மஞ்சள் காமாலை வந்த ஆள் போல நிண்டு, கடைசியில கதிருக்குள்ள பாதிக்கு மேல பதர். சாப்பாட்டுக்கும் விதைக்கும் நெல்லு வந்தது, விக்கிறதுக்கு வரல்ல.

வெட்டி முடிஞ்ச அண்டு வீட்டுக்கு வந்து கை கால் கழுவின அப்பா, அதுக்குப் பிறகு தேவைக்கு மேல ஒரு சொல்லும் கதைக்கல்ல. ரோட்டால போறவர், வளவுக்குப் பின்னால வயலுக்குப் போற ஒத்தையடிப் பாதையால போகத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் ஆரும் எதிர்ப்பட்டு வீட்டைப் பற்றிக் கேட்டிருவாங்களோ எண்டு பயம். வாவிக்கு அங்கால இருக்கிறவங்க என்னத்துக்கு எங்கட ரோட்டில வாறாங்க எண்டு கேட்டா பதில் வராது. எனக்குக் கலியாணம் தள்ளிப்போறதை விட அப்பா அப்பிடிப் பதுங்கிப் பதுங்கிப் போறதைப் பார்க்கத்தான் வயிறு எரிஞ்சது.

சரி, நெல்லுதான் இல்ல, சீமெந்தாவது இருந்ததா எண்டா அதுவும் இல்ல. நாட்டில டொலர் முடிஞ்சு போச்சாம். எங்கட ஊரில ஒருத்தரும் டொலரைக் கண்ணால கண்டதில்ல. ஆனா இவ்வளவு காலமும் நாங்க அடுப்பில எரிச்சது டொலர், தேத்தண்ணிக்குள்ள பால்மாவாக் கலக்கினது டொலர், வயலுக்கு வீசினது டொலர், சுவருக்குப் பூசினதும் டொலர்தானாம். கொரோனாவோட வெள்ளைக்காரர் வாறது குறைஞ்சு, வெளிநாட்டில உழைக்கிற ஆக்கள் அனுப்புற காசும் குறைஞ்சு, வாங்கின கடனுக்கு மேல இன்னும் கடன் வாங்கி, எல்லாம் சுத்திச் சுத்தி வந்து கடைசியில எங்கட வளவுக்குள்ள ஒரு சுவர் எழும்பாம நிண்டது. கடைக்காரர் எனக்கு இப்பிடித்தான் விளங்கப்படுத்தினார். கடையில விக்கிறதுக்கு ஒண்டும் இல்லாததால அவருக்கு விளங்கப்படுத்த நேரம் நிறைய இருந்தது.

இதுக்கிடையிலதான் கதவு வந்தது. வாசல் நிலை வைக்கிறதெண்டா நாள் பார்க்கவேணும். சாத்திரியார் பார்த்துக் குடுத்த நாள் வரக்குள்ள அத்திவாரமும், அதுக்கு மேல முழங்கால் உயரத்துக்குச் செங்கல்லும்தான் எழும்பியிருந்தது. இந்த நாளை விட்டா அடுத்த நல்ல நாளுக்கு மாசக்கணக்கில இருக்கவேணும். முந்தின போகத்தில அப்பா ஆசைப்பட்டு வாங்கின முதிரை மர நிலையும் கதவும் மாமரத்துக்குக் கீழ கிடந்தது. சரி எண்டு நிலையை நிறுத்தி, கீழ ஒரு பொட்டுத் தங்கம் வைச்சு, ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து மேசன் இறுக்கிட்டார். கதவை நிலத்தில போட்டாக் கறையான் தின்னும் எண்டு அதையும் மாட்டினாங்க. மாட்டின கதவு மேற்கால வாற கச்சான் காத்துக்கு டமார் டமார் எண்டு அடிச்சது. அடிக்காம இருக்க அப்பா பூட்டினார். பூட்டினாத் திறப்பை, அதுதான் சாவியை, ஆராவது மடியில வைச்சிருக்கவேணும். ஒவ்வொண்டும் நியாயமாத்தான் நடந்தது. முடிவில பார்த்தா, முழங்கால் உயரச் சுவருக்கு நடுவில, ஆகாயத்துக்குக் கீழ, பூட்டின கதவு ஒண்டு நிக்குது.

சும்மா நிண்டாலும் பரவாயில்ல. நிலை வைச்சா அது வீடு எண்டு அம்மா சட்டம் போட்டுட்டா. வாழப்போற புள்ளைட வீட்டுக்குள்ள வாசலாலதான் போகவேணும், சுவரைத் தாண்டிப் போறது கள்ளனும் ஆடும்தான் எண்டு சொல்லிட்டா. பக்கத்து வீட்டு அக்கா உள்ளுக்குள்ள விறகு காயப்போட வந்தாலும் வாசல்ல நிண்டு அம்மாவை "மாமி, திறங்ககா" எண்டு கூப்பிடுவா. அம்மா போய்த் திறப்பா. அளவு பார்க்க வந்த மேசனும் செருப்பைக் கழட்டிப்போட்டு வாசலால வந்தார். மதிக்காதது ஆடு மட்டும்தான். நான் ஒருநாள் மழை வருது எண்டு சுவரைத் தாண்டி உடுப்பு எடுக்கப் போய் வாங்கின ஏச்சு கொஞ்ச நஞ்சம் இல்ல. வந்த கோபத்துக்கு அண்டு முழுக்க நான் ஒருத்தரோடயும் கதைக்கல்ல. ஆனா மறுகா தாண்டவும் இல்ல.

பொய் இந்தக் கதவில இருந்துதான் தொடங்கினது. முதல் சொன்னது பொய்யே இல்ல. மாப்பிள்ளை போனில "வீடு எந்தளவில நிக்குது?" எண்டு கேட்டார். "கதவு போட்டாச்சு" எண்டன். உண்மைதானே. ஆனா கதவு போட்ட வீடு எண்டா, சுவர் எழும்பி, கூரை போட்டு, வெள்ளையடிக்கக் காத்துக்கொண்டிருக்கிற வீடு எண்டுதான் புத்தியுள்ள ஆள் நினைப்பான். அவருக்கு அவ்வளவு சந்தோசம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரல்ல. அடுத்த மாசம் "ஜன்னல் வைக்கிறாங்க" எண்டன். அதுக்கு அடுத்த மாசம் ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கிறது எண்டு ரெண்டு பேரும் சண்டை பிடிச்சம். அவர் பச்சை எண்டார், நான் நீலம் எண்டன். இல்லாத ஜன்னலுக்காக ரெண்டு நாள் கதைக்காமலே இருந்தம்.

அவரும் தன்ட பக்கத்துக் கதையைச் சொல்லுவார். "இண்டைக்கு ஜெர்மன்காரர் ஒரு கூட்டம், இறால் பொரிச்சுக் குடுத்தன்" எண்டுவார். "நண்டுக்கு உறைப்பைக் குறைச்சுத்தான் போட்டன், அப்பிடியும் மூக்கால வடியுது அவங்களுக்கு" எண்டுவார். நான் வாயூறிக்கொண்டு கேட்டிட்டு இருப்பன். எங்கட வீட்டில அப்ப மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். காஸ் இல்ல, மூண்டு கல்லு வைச்ச அடுப்புத்தான். அதில ஆக்கின சோத்துக்கு வாற ருசி காஸ் அடுப்புச் சோத்துக்கு வராது, அதையும் சொல்லவேணும்.

உண்மையைச் சொல்லப்போனா ஊர் அப்பிடி ஒண்டும் அழுதுகொண்டு இருக்கல்ல. பெற்றோல் இல்லாததால கோழிக்கூட்டுக்கு மேல கிடந்த சைக்கிள் எல்லாம் கீழ இறங்கினது. சங்கிலி கழண்டா ஆர்ட வாசல்லயும் நிண்டு மாட்டலாம், மாட்டி முடியிறதுக்குள்ள ஒரு தேத்தண்ணி வரும். பால் இல்லாத தேத்தண்ணிதான், ஆனா கதை நிறைய வரும். என்ட பாலர் பாடசாலைக் குஞ்சுகள் 'வரிசை' எண்டு புது விளையாட்டு ஒண்டு கண்டுபிடிச்சதுகள். பெற்றோலுக்கு நிக்கிற மாதிரி எல்லாரும் தண்ணிப் போத்தலோட வரிசையா நிக்கிறது. முன்னுக்கு நிக்கிற ஆள் "முடிஞ்சு, நாளைக்கு வாங்க" எண்டு சொன்னதும் எல்லாரும் கத்திக்கொண்டு ஓடுறது. ஒவ்வொருத்தருக்கும் "முடிஞ்சு" சொல்ற ஆளா இருக்கத்தான் ஆசை. அதுக்கும் தனியா ஒரு வரிசை.

அந்த நேரத்திலதான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கதையோட வந்தா. அவருக்கு வேற இடத்தில கேக்கிறாங்களாம். பொண்ணுட தமையன் கட்டாரில இருந்து அனுப்பிக் கட்டின மாடி வீடாம், எல்லாம் முடிஞ்சு கிடக்குதாம். வெக்கம் என்னத்துக்கு, எனக்கு அந்த மனுசனை நல்லாப் பிடிச்சிருந்தது. ஜன்னல் நிறத்துக்காக என்னோட ரெண்டு நாள் கோவிச்சுக்கொண்டு இருக்கிற ஆளை இன்னொருத்திக்கு விட்டுக்குடுக்க எனக்கு ஏலாது. ஆனா முழங்கால் உயரச் சுவரை வைச்சு மாடியோட எப்பிடி மல்லுக்கட்டுறது? அவரிட்டக் கேக்கவும் பயம். கேட்டா என்ட பொய்யும் சேர்ந்து வெளியில வந்திரும்.

அடுத்த கிழமை அவர் போன் எடுத்தார். குரலில வழமையான பகிடி இல்ல.

"அம்மா நாளைக்கு உங்கட வீடு பார்க்க வாறா."

"என்னத்துக்கு?"

"கேட்டாச் சொல்றா இல்ல. நேரில கதைக்கவேணுமாம்."

நேரில கதைக்கிறது எண்டா என்ன கதை எண்டு எங்களுக்குத் தெரியாதா? சொல்லை முறிக்கத்தான் வாறா எண்டு மூண்டு பேருக்கும் விளங்கிட்டு. அண்டைக்கு அப்பா அஞ்சாறு மாசத்துக்குப் பிறகு நீளமா ஒரு கதை கதைச்சார். "வரட்டும். இல்லாததை இருக்கெண்டு காட்ட எனக்கு ஏலா. அவங்க வாயால சொல்ல முதல் நானே சொல்லிருவன், வேற இடம் பாருங்க எண்டு." கேட்ட உடனே நான் கையில இருந்த அகப்பையை எறிஞ்சன். அது போய்க் கோழிக்குப் பட்டது, பாவம். அப்பா குனிஞ்சு அகப்பையை எடுத்துக் கழுவி என்ட கையில தந்தார். அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் காலையில அம்மா புது வீட்டுக்குள்ள கூட்டி, தண்ணி தெளிச்சு, வாசல்ல கோலம் போட்டா. நிலைக்கு மாவிலை கட்டினா. ஹோல் எண்டு சொல்ற இடத்தில பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் கதிரை ரெண்டைப் போட்டு, வெயில் படாம இருக்க ஒரு கதிரையில குடையைக் கட்டினம். அப்பா துறைக்குப் போய் அவங்களைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டு ஏற்பாடு. வாவியில ஆக்களையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அங்கால இங்கால போற பெரிய மிதவை ஒண்டு இருக்கு, 'பாதை' எண்டு சொல்லுவம். அதிலதான் வருவாங்க. அப்பா வெளிக்கிடக்குள்ள காத்து ஒண்டு வந்து கதவை அடிச்சது. அவர் வழமை போலப் பூட்டித் திறப்பை மடியில செருகிக்கொண்டு போயிட்டார். உள்ளுக்குள்ள நானும் அம்மாவும் இளநி சீவிக்கொண்டு இருந்தம். சுவர் இல்லாத வீட்டில எங்களைப் பூட்டிட்டுப் போறார் எண்டு அவருக்கும் தோணல்ல, எங்களுக்கும் தோணல்ல.

கொஞ்ச நேரத்தில பின்பக்கத்து ஒத்தையடிப் பாதையால ஆக்கள் வாற சத்தம். பார்த்தா மாமி. வெளிறின நீலச் சீலை, கையில குடை. பின்னால அவர். கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வரக்கூடாது எண்டதால அவர் வளவுக்குள்ள வராம வேலிக்கு அங்கால நிண்டிட்டார். மாமி நேரா வந்து கதவுக்கு முன்னால நிண்டா. குடையைச் சுருக்கினா. ஒரு காலை எடுத்து வைச்சாச் சுவருக்கு இங்கால வந்திரலாம். அவ அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கல்ல. கதவை மூண்டு தரம் தட்டினா.

அம்மா எழும்பிச் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு போய்க் கதவைப் பிடிச்சு இழுத்தா. கதவு அசையல்ல.

"மச்சாள், ஒள்ளுப்பம் நேரம் நில்லுங்க. திறப்பு அவர்ட மடியில போயிட்டு. உங்களைக் கூட்டிவரத் துறைக்குப் போனார்."

"பாதை ஓடல்ல மச்சாள், டீசல் இல்லையாம். தோணியில வந்து வயல் பக்கமா இறங்கினம்."

"இப்ப வந்திருவார் மச்சாள்."

"வரட்டும், அவசரம் இல்ல. நான் வாசல்ல நிக்கிறன்."

சுவரால வரச் சொல்லுங்களன் எண்டு நான் கண்ணால காட்டினன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில நான் மறுகா கதிரையில இருந்திட்டன். இவ்வளவு நாளும் ஊருக்குச் சட்டம் சொல்லிட்டு, மாப்பிள்ளைட தாயைச் சுவரைத் தாண்டி வாங்க எண்டு எந்த வாயால கூப்பிடுறது? மாமியும் அதே சட்டத்தில வளந்த மனுசி. கூப்பிட முதல் ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிறது மரியாதை இல்ல எண்டு, கதவு மரத்தை ஒரு சாண் தூரத்தில வைச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டா. இங்கால அம்மாவும் அதே மரத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டா. ஒரு பக்கமா இருந்த எனக்கு ரெண்டு பேரையும் நல்லாத் தெரியுது. பயத்துக்குள்ளயும் சிரிப்பை அடக்கப் பெரிய பாடாப் போச்சு.

கொஞ்ச நேரம் கதவைப் பற்றித்தான் கதை. நல்ல கதவு மச்சாள். ஓம் மச்சாள், முதிரை. பாரமா இருக்குமே. ஓம், நாலு பேர் தூக்கினது. பிறகு மாமி குடையை நிலத்தில ஊண்டினா. அப்ப மாமிட குரல் மாறினது.

"மச்சாள், உங்களுக்கு ஒரு கதை சொல்லத்தான் வந்தன். உள்ள வந்து உங்கட முகத்தைப் பார்த்தா எனக்கு வாய் வராது. இப்பிடியே சொல்லிர்றன். மகன்ட வேலை போயிட்டு. ஆக்கள் வராம ஹோட்டலை மூடிட்டாங்க. நாலு மாசமாச்சு. தாய்மாமன்ட தோணியில இறாலுக்குப் போறான். வேற இடத்தில மாடி வீட்டோட கேட்டாங்க, சொல்லுக் குடுத்திட்டம் எண்டு நான் அனுப்பிட்டன். ஆனா சொல்லுக் குடுத்த இடத்துக்கே உண்மையைச் சொல்லல்லையே எண்டு நித்திரை இல்ல. நீங்க வேற இடம் பாருங்க. நான் குறை நினைக்க மாட்டன்."

அம்மா கதவில கையை வைச்சபடியே நிண்டா. நான் எழும்பினன். கோபம் உச்சந்தலைக்கு ஏறிட்டு. நாலு மாசம். ஜெர்மன்காரர், இறால் பொரியல், மூக்கால வடியுது. வேலிக்கு அங்கால நிண்டவரைப் பார்த்தன். வெயிலில கருகி, மெலிஞ்சு, விரல் எல்லாம் வலை அறுத்த காயம். பெரியாக்கள் முன்னால அவரோட நேரில கதைச்சது அதுதான் முதல் தரம்.

"பாசிக்குடா ஹோட்டலுக்குள்ள வெயில் அவ்வளவு கூடவோ?" எண்டு கேட்டன்.

அவர் தலையைக் குனிஞ்சார். பிறகு மெல்ல நிமிந்து, முழங்கால் உயரச் சுவரை இந்தத் தொங்கலில இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் பார்த்தார்.

"உங்கட நீல ஜன்னல் எங்க?" எண்டார்.

கோபம் வந்த வழியாலயே போயிட்டு. முதல்ல ஆர் சிரிச்சது எண்டு இண்டு வரைக்கும் எங்களுக்குள்ள வழக்கு இருக்கு, நான் அவர்தான் எண்டு சொல்லுவன். சிரிச்ச சிரிப்பில எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டு.

அம்மா கதவைப் பார்த்தபடியே, "மச்சாள், வீடும் இன்னும் சரியா முடியல்ல" எண்டா.

"ஓம் மச்சாள், வரக்குள்ளயே கண்டன். தூரத்தில இருந்து கதவு தெரிஞ்சது. வீட்டைத்தான் தேடினன்."

அப்பா மூச்சு வாங்க வாங்க ஓடி வந்தார். துறையில ஆரோ சொல்லியிருக்காங்க, உங்கட ஆக்கள் தோணியில போயிட்டாங்க எண்டு. கதவுக்கு முன்னால மாமி நிக்கிறதைக் கண்டதும் அப்படியே நிண்டு, வரக்குள்ள பாடமாக்கிக்கொண்டு வந்த கதையைத் தொடங்கினார். "தங்கச்சி, நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தல்ல. நீங்க வேற இடம்..."

"முதல்ல கதவைத் திறங்க அண்ணன், கால் நோகுது."

திறந்தார். மாமி வலது காலை எடுத்து வைச்சு உள்ள வந்து, குடை கட்டின கதிரையில இருந்து, இளநியைக் குடிச்சா. பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கப்போற மணவறை எது எண்டு கேட்டா. அப்பா கையை நீட்டி நாலு மூலையைக் காட்டினார். மாமி ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து, "காத்தோட்டத்துக்குக் குறை இல்ல" எண்டா. அம்மாவே சிரிச்சிட்டா. அப்பா மட்டும் சிரிக்கல்ல. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "வீடு இல்லாம எப்பிடித் தங்கச்சி உங்கட மகனைக் கூப்பிடுறது?" எண்டு கேட்டார்.

"வேலை இல்லாதவனை நான் எப்பிடி அண்ணன் அனுப்புறது? எண்டாலும் அனுப்பத்தான் போறன். ஆவணியில வைப்பம். சீமெந்து இல்லாட்டிக் களிமண்ணில கட்டுங்க. ஓடு இல்லாட்டித் தென்னோலைக் கிடுகு போடுங்க. சீமெந்து வாற வரைக்கும் இதுகள் ரெண்டும் காத்திருந்தாக் கிழடாப் போயிருங்கள்."

ஆவணியிலதான் கலியாணம் நடந்தது. சைக்கிள்ல வந்த சனம், விறகில ஆக்கின சோறு, இறாலுக்கு மட்டும் குறை இல்ல. ஆனா கலியாணத்தை விட என்ட மனசில நிக்கிறது, மாமி வந்துபோனதுக்கு அடுத்த நாள் விடியக்காலை.

நான் முற்றம் கூட்டிக்கொண்டு இருந்தன். வயல் பக்கத்தால அவர் வாறார். தலையில கிடுகுக் கட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டியிருக்கார். தோணியில இன்னும் நாலு கட்டு கிடக்குதாம். அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடி வந்து வாயில கையை வைச்சுக்கொண்டு நிண்டா. கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை வந்து தன்ட வீட்டைத் தானே கட்டுறதை எங்கட பக்கத்தில ஒருத்தரும் கேள்விப்பட்டதில்ல. வேலை தொடங்க அப்பா குழியில தண்ணி ஊத்திக் களிமண்ணை ஊறப்போட்டு, மண்வெட்டியோட நிண்டவர். மாப்பிள்ளையைக் கண்டதும் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால மறைச்சார்.

"வேணாம் தம்பி. நீங்க போங்க. இது நான் செய்து தரவேண்டிய வேலை. ஊர் சிரிக்கும்."

அவர் கிடுகுக் கட்டை இறக்கி வைச்சார். காயம் ஆறாத கையை நீட்டினார்.

"சிரிக்கட்டும் மாமா. இருக்கப்போறது நான்தானே. தாங்க."

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் குடுத்திட்டு, மற்றப் பக்கம் திரும்பித் தோளில கிடந்த துவாயால முகத்தைத் துடைச்சார். என்னப்பா எண்டு கேட்டன். வேர்வை எண்டார். வெயில் இன்னும் வரவே இல்ல.